மன்னார் மணல் வெறும் நிலமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்த் தீவின் காற்றாலைகள் பற்றியும் கனிய மணல் அகழ்வு பற்றியும் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் செய்திகளையும் கட்டுரைகளையும் நான் ஒன்று விடாமல் வாசித்து வருகிறேன். ஆதரித்து எழுதுகிறவர்களும் எதிர்த்து எழுதுகிறவர்களும் ஒரு விடயத்தில் ஒத்துப் போகிறார்கள். இருவருமே அந்த நிலத்தை “வறண்ட வெளி” என்றும் “பயன்படாத மணல்” என்றும் குறிப்பிடுகிறார்கள். போன கிழமை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் படியில் சந்தித்த அயல்வீட்டுத் தம்பி ஒருவர், “அங்கிள், பாலைவனத்தில காத்தாடி வச்சா ஆருக்கு என்ன நட்டம்?” என்று கேட்டார். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. படியில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லாதபடியால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மன்னார்த் தீவில் பிறந்து வளர்ந்தவன். அரச சேவையில் 31 ஆண்டுகள் நில அளவைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் வைத்தியத்துக்காகக் கொழும்பில் மகளோடு வசித்தாலும், ஆண்டுக்கு மூன்று தடவையாவது ஊருக்குப் போய் வீட்டைத் திறந்து, முற்றத்தைக் கூட்டி, கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். என் பிள்ளைகள் என்னைப் பழமைவாதி என்பார்கள். அந்தப் பெயரை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். பரம்பரைக் காணியை வெளியாருக்கு விற்கலாகாது, பனை தறிப்பதானால் ஊரில் மூத்தவர் ஒருவரிடம் சொல்லிவிட்டே தறிக்க வேண்டும், கிணற்றுக்கு இடம் பார்க்காமல் வீட்டுக்கு அத்திவாரம் போடலாகாது என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்த முறைகளையெல்லாம் வகுத்தவர்கள் எங்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள். ஆனால் அந்த மணலில் எங்களைவிட அதிக கோடைகளைக் கண்டவர்கள்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தத் தீவில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது, மலை கிடையாது. ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது; கொழும்பில் பெய்வதில் பாதிகூட இல்லை. அதுவும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். பிறகு மாதக்கணக்கில் வானம் வெறித்தபடி கிடக்கும். வைகாசியில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பினால் புரட்டாதி வரைக்கும் ஓயாது. அந்தக் காற்றில் கதவு நிலையின் இடுக்கில் மணல் படியும், சோற்றில் மணல் கடிபடும், கிடுகு வேலியின் காற்றுப் பக்கத்தில் முழங்கால் அளவுக்கு மணல் ஏறி நிற்கும். இந்தக் காற்றைத்தான் இன்று எல்லோரும் வளம் என்கிறார்கள். நாங்கள் அதனோடு ஆண்டுக்கு ஐந்து மாதம் வாழ்ந்து பழகியவர்கள்.

வருகிறவர்கள் தண்ணீர் எங்கே என்று தேடுவார்கள். கண்ணுக்குத் தெரியும்படியாக எதுவும் இராது. என் அம்மம்மா எனக்கு அதைக் காட்டித் தந்த நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கலாம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணல் மேட்டின் பள்ளத்தில், அவர் முழந்தாளிட்டு இரு கையாலும் மணலை வழித்து வெளியே தள்ளினார். இரண்டு முழம் போவதற்குள் மணல் கறுத்து ஈரமாகியது. இன்னும் ஒரு சாண் போனதும் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து குழியின் அடியில் சேரத் தொடங்கியது. இதை நாங்கள் பூவல் என்போம். நான் ஆசையோடு பனையோலைப் பட்டையை உள்ளே விட்டேன். அம்மம்மா என் கையைப் பிடித்தார். “கலங்கல் தெளியட்டும் தம்பி. அவசரப்பட்டு அள்ளினா தண்ணி கோவிக்கும்” என்றார். முதலில் ஊறியதை அள்ளி வெளியே ஊற்றினார். இரண்டாவது தரம் ஊறியதை எனக்குத் தந்தார். நூறு யார் தூரத்தில் கடல் இரைந்துகொண்டிருக்க, அந்தத் தண்ணீர் இளநீர் போல இருந்தது.

“தண்ணி கோவிக்கும்” என்று அவர் சொன்னதன் பொருளைப் பின்னாளில் தொழிலுக்குப் போன பிறகே விளங்கிக்கொண்டேன். மணல் தீவில் பெய்யும் மழை மணலூடாக இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்பு நீரைவிடச் சற்று இலேசானது என்பதாலேயே இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்கள் சொல்லும் கணக்கு. இந்தக் கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்யும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். ஒரே இடத்தில் விசைப்பம்பி வைத்து இழுத்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல எழும்பும். ஏறிய உப்பை மழை கழுவி இறக்க ஆண்டுகள் செல்லும். ஊரில் பழைய கிணறுகள் அகன்றும் ஆழம் குறைந்தும் இருப்பதற்கும், ஒரு வளவின் கிணற்றுக்கு மிக அண்மையில் இன்னொரு கிணறு வெட்ட மூத்தவர்கள் விடாததற்கும், காலையில் மட்டும் அள்ளிவிட்டு மதியம் கிணற்றை ஊற விடுவதற்கும் காரணம் இதுதான். சூத்திரத்தை அறியாமலே சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு சமூகம் வாழ்ந்திருக்கிறது.

அந்த நன்னீரைத் தாங்கி நிற்பது மணல். மணலைத் தாங்கி நிற்பது செடி. கடற்கரை மேட்டில் ஊசியாய்க் குத்தும் இராவணன் மீசைப் புல்லையும், ஊதாப் பூப் பூத்துப் படரும் அடம்பன் கொடியையும் யாரும் நட்டதில்லை. யாரும் பிடுங்கியதும் இல்லை. அவற்றைப் பிடுங்கினால் அடுத்த சோளகத்தில் அந்த மேடு இடம் பெயரும். உள்ளே வந்தால் குடை விரித்தாற்போல் உடை என்னும் முள் மரங்கள், அதற்குள் பனை. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று எங்கள் அரசியல் மேடைகளில் பேசாதவர் இல்லை. அந்தக் கொடி எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று குனிந்து பார்த்தவர் அவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

பாலைவனம் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது பாலையைத் தனி நிலமாக வைக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்றார்கள். எங்கள் தீவு நெய்தல். மணல் இருப்பதாலோ மழை குறைவதாலோ அது பாலை ஆகிவிடாது. ஆனால் அதைப் பாலை ஆக்க முடியும். எனக்குள்ள அச்சம் முழுவதும் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்த கலந்துரையாடல் ஒன்றுக்கு, ஊரவர் சிலரோடு நானும் போயிருந்தேன். எந்தத் திட்டம், யார் நடத்தினார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. குறை அந்த ஒரு திட்டத்தோடு முடிவதும் இல்லை. சுவரில் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நிலப் பயன்பாட்டை நிறம் நிறமாகத் தீட்டியிருந்தது. தீவின் பெரும் பகுதி வெளிர் மஞ்சள். குறிப்பைப் பார்த்தேன்; மஞ்சள் என்றால் “வெற்று மணல் நிலம்” என்று ஆங்கிலத்தில் இருந்தது. வாழ்நாள் முழுவதும் வரைபடத்தோடு பழகியவன் ஆகையால் எழும்பிக் கிட்டப் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தேவாலயத்தையும் வீதி வளைவையும் அடையாளம் வைத்து விரலால் அளந்து பார்த்தேன். என் தமையனாரின் நான்கு ஏக்கர் பனங்காணி அந்த மஞ்சளுக்குள் இருந்தது. அதிலிருக்கும் கிணறு இல்லை. கரைவலைக்காரர்கள் பரம்பரையாக வாடி என்னும் கொட்டில் போட்டு இருக்கும் துறை இல்லை. இறந்தவர்களைப் புதைக்கும் எங்கள் ஊர்ச் சேமக்காலைகூட மஞ்சளுக்குள் கரைந்திருந்தது.

இதை நான் எழுந்து கேட்டபோது, விளக்கம் அளித்த இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார். செய்மதிப் படத்திலிருந்து எடுத்தது, ஐயா, சிறு பிழைகள் இருக்கலாம் என்றார். பிழை இருந்ததில் எனக்குக் கோபம் இல்லை. நானும் என் காலத்தில் பிழை விட்டிருக்கிறேன். ஆனால் நாங்கள் சங்கிலி போட்டு அளந்த காலத்தில், எல்லைக் கல் நடும் முன்னர் காணிக்காரரைக் கூப்பிட்டு, அயல் காணிக்காரரையும் கூப்பிட்டு, “இதுதானே எல்லை?” என்று இருவரிடமும் கேட்போம். அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் ஒரு தீவு முழுவதற்கும் நிறம் தீட்டியிருந்தார்கள். அன்று பேசியவை அனைத்தும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தன. எங்களோடு வந்திருந்த சம்மாட்டி ஐயா, படகும் வலையும் வைத்து நாற்பது ஆண்டுகளாக அந்தக் கடலின் நீரோட்டத்தைக் கணித்துத் தொழில் செய்பவர், மூன்று மணித்தியாலம் ஒரு சொல்லும் விளங்காமல் கைகட்டி இருந்துவிட்டு வந்தார்.

நிலம் ஏன் வெறுமையாகத் தெரிகிறது என்பதற்கு மன்னாரில் இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்தும் மற்றைய ஊர்களிலிருந்தும் எங்கள் அயலவர்கள் கையில் அகப்பட்டதோடு படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். எங்கள் வீட்டுத் திருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பிய வீடு ஒரே கிழமையில் பூட்டிக் கிடந்தது. அது அநியாயம் என்பதைத் தமிழனாக நின்று சொல்வது என் கடமை. பின்பு பெருநிலப் பரப்பில் முசலிப் பக்கத்திலும் போர் காரணமாகத் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர, அவர்கள் விட்டுச் சென்ற வளவுகளில் பற்றை வளர்ந்து காடானது. திரும்பி வந்தவர்களிடம் இது காடு, நீங்கள் காட்டை அழிக்கிறீர்கள் என்று சொல்லப்பட்டது. அந்தப் பக்கத்து முள்ளிக்குளம் என்ற ஊரின் மக்கள் 2007 இல் வெளியேறி, 2017 இல்தான் தம் காணியில் ஒரு பகுதியையாவது மிதிக்க முடிந்தது. ஆட்களைத் துரத்திவிட்டுப் படம் பிடித்தால் எந்த ஊரும் வெறும் நிலமாகத்தான் தெரியும்.

வெளியார் கண்ணுக்கு வளம் தெரிந்து, அதை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக் கெடுத்த கதையும் எங்களுக்குப் புதிது அன்று. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. சிப்பி முற்றாத ஆண்டுகளில் குளிப்பை நிறுத்தி வைப்பது வழக்கம். சில காலங்களில் பத்து, இருபது ஆண்டுகள்கூடக் குளிப்பு நடக்காமல் இருந்திருக்கிறது. 1906 இல் பிரித்தானிய அரசு முத்துப் படுக்கைகளை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்தது. கம்பனிக்கு ஆண்டுக்கு ஆண்டு இலாபம் வேண்டியிருந்தது. சிப்பிக்கு முற்றுவதற்கு ஆண்டுகள் வேண்டியிருந்தன. குத்தகைக் காலம் முடியும் முன்னரே கம்பனி கலைந்தது. 1925 இல் ஒரு தடவை குளிப்பு நடந்தது. அதன் பிறகு அந்தத் தொழில் தலை தூக்கவே இல்லை. அரிப்பு என்ற ஊரின் கடலோரத்தில் இடிந்து நிற்கும் ஆளுநர் மாளிகையைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அதன் எதிரே இருந்த கடலின் செல்வத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, மனைவியின் மருந்தைக் குளிரூட்டியில் வைக்க முடியாமல் பனிக்கட்டி தேடி வெள்ளவத்தைக் கடைகளில் அலைந்தவன் நான். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் நாடு கொட்டும் பணத்தை நினைத்தால் காற்று நல்லது என்பதை மறுக்க ஆள் இல்லை. 2020 டிசம்பரில் திறந்து வைத்த தம்பபவனி மின்னிலையத்தில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் திறனோடு தீவின் தென்கரை நெடுக நிற்கின்றன. அதற்கு மேலும் வேண்டும் என்றபோதுதான் ஊர் எழும்பியது. இந்தியத் தனியார் குழுமம் ஒன்று மன்னாரிலும் பூநகரியிலுமாக முன்மொழிந்த 484 மெகாவாற் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வேறு திட்டங்களுக்காகக் காற்றாலைப் பாகங்களை ஏற்றி வந்த பாரவூர்திகளை மக்கள் வீதியில் இருந்து மறித்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதத்துக்கு வேலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார். அந்த மாதம் முடிந்த கையோடு, செப்டெம்பர் இறுதியில், பொலிஸ் காவலுடன் பாகங்கள் தீவுக்குள் போயின. இரவு முழுக்க வீதியில் இருந்தவர்களில் குருமாரும் இருந்தார்கள், தாய்மாரும் இருந்தார்கள், இருபது வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

மறியலும் கோஷமும் என் வழக்கம் அல்ல. வீதியில் இறங்குவதைச் சிறு வயது முதலே விரும்பாதவன். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டது புதிதாக எதையும் அல்ல. ஏற்கெனவே இருப்பதை இருக்க விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதைவிடப் பழமை பேணும் கோரிக்கை ஒன்று இருக்க முடியுமா? நான் அவர்களோடு நிற்கிறேன்.

மக்கள் சொல்லும் முறைப்பாடு காற்றாலையின் சுழலும் இறக்கைகளைப் பற்றியது மட்டும் அல்ல. ஒவ்வொரு காற்றாலைக்கும் ஆழமான கொங்கிரீட் அத்திவாரம் வேண்டும். பாரம் தாங்கும் வீதி வேண்டும். வீதிக்குக் கிரவல் கொண்டுவந்து கொட்டி உயர்த்த வேண்டும். தட்டையான மணல் தீவில் மழை நீர் இரண்டு வழியால்தான் போக முடியும்: ஒன்று மணலுக்குள் இறங்கும், மற்றது தரவை என்னும் தாழ்ந்த புல்வெளியூடாகக் கடலுக்கு வடியும். உயர்த்திய வீதி ஓர் அணை. இரண்டு அடி உயர்ந்தால் போதும், வாடை மழைத் தண்ணீர் வளவுக்குள் நிற்கும். நின்ற தண்ணீர் மலகூடக் குழிகளையும் கிணறுகளையும் ஒன்றாக்கிவிடும். இதை மறுக்கிறவர்கள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மட்ட அளவை எடுத்துக் காட்டட்டும். அதற்கு ஒரு கிழமைகூடத் தேவையில்லை. அந்தத் தொழிலைச் செய்த கையால் எழுதுகிறேன்.

கனிய மணல் விடயம் இதைவிடப் பெரியது. எங்கள் மணலில் இல்மனைட் இருக்கிறது. வெள்ளை வர்ணப்பூச்சுக்கு வேண்டிய தைத்தேனியம் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. புல்மோட்டைக் கடற்கரையில் அரச நிறுவனம் பல்லாண்டுகளாக அதை அள்ளுகிறது. மன்னாரிலோ மணல்தான் எங்கள் தண்ணீர்த் தாங்கி. மணலை அள்ளிக் கழுவிக் கனியத்தைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்பக் கொட்டுவோம் என்கிறார்கள். பல நூறு ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து, மேலே நன்னீரையும் கீழே உப்பு நீரையும் பிரித்து வைத்திருக்கும் ஒன்றைக் கலக்கிவிட்டு, அளவு சரியாகத் திரும்பக் கொட்டினோம் என்று சொல்வதில் என்ன பயன்? காற்றாலையை ஒரு நாள் கழற்றலாம். உப்பேறிய கிணற்றை எந்த நிறுவனம் வந்து இனிக்கச் செய்யும்?

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். ஆகவே கொழும்பையே எடுத்துக்கொள்கிறேன். இந்த நகரம் குடிக்கும் நீர் அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. லபுகம 1880 களில் கட்டப்பட்டது. அதைச் சுற்றியுள்ள காட்டுக்குள் நினைத்தவர் நினைத்தபடி நுழைய முடியாது. அங்கே மரம் வெட்ட முடியாது, குடியேற முடியாது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காட்டை ஒருவரும் “வெறும் காடு” என்று எழுதியதில்லை, ஏனென்றால் அது தலைநகரின் தண்ணீர். எங்கள் மணல் மேடு எங்களுக்கு லபுகம. லபுகமவைக் காத்த சட்டத்தின் மனப்பான்மையைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

அதே கொழும்பு, சதுப்பு நிலங்களை வெறும் சேறு என்று நினைத்து நிரப்பிய காலமும் உண்டு. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கத்தில் வீட்டுக் கூரையில் ஏறி நின்றவர்களைப் படகில் இறக்கியதை எல்லோரும் பார்த்தோம். மிஞ்சிய சதுப்புகளைப் பேண எடுத்த முயற்சிக்காக 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. மகிழ்ச்சியான விடயம். எங்கள் பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010 இலேயே ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தை மாதத்தில் மன்னார்ப் பாலத்தைக் கடக்கும்போது இரு பக்கத்து உவர் நீரிலும் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நிற்கும். அவை வந்து போகும் வான்வழியின் நடுவில்தான் நாங்கள் இறக்கைகளைச் சுழலவிட்டிருக்கிறோம்.

அரசியலுக்கு வருகிறேன். நிலத்துக்குக் கிட்ட இருப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டும், அவரால் முடியாததையே மேலே அனுப்ப வேண்டும் என்பது என் பழைய நம்பிக்கை. வீட்டில் அப்படி, தேவாலயப் பங்கில் அப்படி, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அப்படி. நாட்டில் மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது? 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகள் அமைந்தன. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநரே நிர்வாகம். காணி பற்றி, சூழல் பற்றி, குடிநீர் பற்றி மாகாணத்தின் குரலாகப் பேச வேண்டிய சபை இல்லாத ஆண்டுகளில்தான் இத்தனை திட்டங்களும் வந்து இறங்கின. 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்து மன்னார் நகர சபையும் பிரதேச சபையும் மீண்டும் இயங்குவது ஓர் ஆறுதல். ஆனால் காற்றாலை பற்றிய முடிவில் அந்தச் சபைகளுக்கு அழைப்புக் கடிதம் வருகிறதே தவிர அதிகாரம் வருவதில்லை.

எங்கள் பக்கப் பிழையையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாகாது. காணியை விற்றவர்கள் எங்களவர்களே. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஊர்க் காணி எதற்கு என்று நினைத்து, முன்பின் தெரியாதவருக்கு உறுதி எழுதிக் கொடுத்தார்கள். இரவில் ட்ரக்டர் விட்டு மணல் மேட்டை அள்ளி விற்றவர்களும் ஊரில் இருக்கிறார்கள். பனையைத் தறித்துத் தென்னை வைத்து, தென்னைக்கு விசைப்பம்பியால் பகல் முழுக்க இறைத்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அரசியல்வாதிகள் மறியல் நடந்த வீதிக்கு வந்தார்கள், நின்றார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். ஒரு கட்சி வந்த நேரத்தில் மற்றக் கட்சி வரவில்லை. இழுவைப்படகு விடயத்திலும் இதே கதைதான். கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவையை 2017 இல் சட்டத்தால் தடை செய்தும், அக்கரைத் தமிழ்நாட்டிலிருந்து வரும் படகுகள் எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. அதை ஒரே குரலில் பேசத் தமிழ்க் கட்சிகளுக்கு இன்னும் முடியவில்லை.

நான் கேட்பது அதிகம் இல்லை. தீவில் இனி ஓர் அத்திவாரம் வெட்டும் முன், தீவு முழுவதற்குமான நிலத்தடி நீர் ஆய்வும் மட்ட அளவையும் நடக்க வேண்டும். அவை தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகிப் பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் மக்கள் பார்வைக்குக் கிடக்க வேண்டும். அந்த வரைபடத்தில் ஒவ்வொரு கிணறும் துறையும் சேமக்காலையும் பெயரோடு குறிக்கப்பட வேண்டும். அதற்கு ஊரில் ஓய்வு பெற்றிருக்கும் என்னைப் போன்றவர்கள் கூலி வாங்காமல் வேலை செய்யத் தயாராக இருக்கிறோம். அதன் பின்னர் எந்த இடம் காற்றாலைக்கு ஏற்றது, தீவிலா பெருநிலத்திலா என்று பேசலாம். கனிய மணல் அகழ்வைப் பொறுத்தவரை பேசுவதற்கு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மாகாண சபைத் தேர்தலை இனியும் தள்ளிப் போடாமல் நடத்த வேண்டும்.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து தை மாதத்தில் வராதீர்கள். அப்போது தரவையெல்லாம் பச்சை, கிணறு விளிம்பு மட்டத்துக்கு நிறைந்திருக்கும். யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. புரட்டாதியில் வாருங்கள். சோளகம் ஓயும் தறுவாயில், ஊரின் எல்லாக் கிணறும் அடி தட்டி நிற்கும் நாட்களில், என் வீட்டுக்கும் வாருங்கள். கிணற்றின் உட்சுவரில் என் தகப்பனார் 1974 இல் உளியால் வெட்டிய ஒரு கோடு இருக்கிறது. கோடையில் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் தென்னைக்கு இறைக்கக் கூடாது, குடிக்க மட்டும்தான் அள்ள வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. அந்தக் கோட்டிலிருந்து நீர் மட்டம் எத்தனை அங்குலம் என்று என் கொப்பியில் ஒவ்வொரு வருகையின்போதும் எழுதி வைத்திருக்கிறேன். கொப்பியைக் காட்டுகிறேன். பட்டையால் அள்ளித் தருகிறேன், குடித்துப் பாருங்கள்.

இங்ஙனம்,
மன்னார்த் தீவைச் சேர்ந்த வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.